சங்கம் யாருடையது?

தனி அலுவலர் பொறுப்பிலுள்ள சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லுங்கால், அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "நமது சங்கத்துக்குத் தேர்தல் எப்பொழுது?" ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் விவசாய அங்கத்தினரும் கேட்கின்றனர், காஞ்சிபுரத்துத் தறிக்காரரும் கேட்கின்றனர். தேர்தல் தேதியை அறிவிக்கும் அதிகாரம் ஓர் ஆய்வாளனுக்கு இல்லை. ஆயினும் அக்கேள்விக்குப் பின்னால் நிற்கும் பெரிய கேள்விக்கு விடை கூற முயலலாம். சங்கம் யாருடையது? அதனை அங்கத்தினர் கையினின்றும் பிரிக்க வல்லவர் யாவர்? அவர்கள் எவ்வழியாக உள்ளே நுழைகின்றனர்?

கூட்டுறவு விஷயத்தில் நமது பகுதிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1904-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 30-ஆம் நாளே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் ஒரு கடன் சங்கம் பதிவாயிற்று. அச்சட்டத்தின்கீழ் இந்தியாவில் எழுந்த முதற் சங்கமாக அதனைக் கூறுவர். அக்டோபரில் பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பதிவு பெற்றது. இவற்றுக்கெல்லாம் வித்திட்டவை, சென்னை மாகாண அதிகாரியான பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த இரு அறிக்கைகளாகும். குடியானவனை லேவாதேவிக்காரரிடமிருந்து மீட்க வேண்டுமாயின், ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கண்ட கிராமச் சங்க முறையை நாடுக என்பதே அவர் கருத்தின் சாரம்.

அக்காலத்துக் கிராமச் சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்பு வரையறையற்றது. ஒருவன் கடனைக் கட்டத் தவறினால் மற்றவர் சொத்தும் அதற்கு ஈடாகும். ஆதலின் யார் எதற்காகக் கடன் வாங்குகிறார் என்பதை ஊரே கவனித்தது. சட்டம் விதித்த காவலைவிட இந்தக் கவனிப்பே வலியது என்பது என் கருத்து. பின்னாளில் பொறுப்பு வரையறுக்கப்பட்டது. அதனால் அங்கத்தினரின் அச்சம் நீங்கிற்று. கவனமும் கூடவே குறைந்தது.

இனி, வாக்கு முறையைக் காண்போம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். ஆளுக்கொரு வாக்கு என்று அவர்கள் கைக்கொண்ட நெறியே உலகெங்கும் கூட்டுறவின் அடையாளமாயிற்று. கம்பெனியில் ஆயிரம் பங்கு வைத்திருப்பவர்க்கு ஆயிரம் வாக்கு. சங்கத்திலோ ஆயிரம் பங்கு உடையார்க்கும் ஒரு வாக்கு, ஒரு பங்கு உடையார்க்கும் ஒரு வாக்கு. பணத்தைக் கொண்டு நேர்வழியில் சங்கத்தை விலைக்கு வாங்க இயலாது. எனவே பணம் படைத்தவர் சுற்றுவழி தேடுகின்றனர்.

அச்சுற்றுவழிகளுள் முதன்மையானது அங்கத்தினர் பதிவேடு. ஆயிரம் பங்கு வாங்கிப் பயனில்லையாதலால், நூறு பெயர்களை வாங்குகின்றனர். இதனை எங்ஙனம் கண்டறிவது? ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். ஒரே நாளில், தொடர் எண்களில், நூறு பேர் பங்குத்தொகை செலுத்தியிருப்பர். விண்ணப்பங்கள் யாவும் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தால் நிரப்பப்பட்டிருக்கும். நூறு பேருக்கும் ஒரே நாளில் கூட்டுறவுப் பற்று எழுந்தது வியப்புக்குரியதே! நெசவாளர் சங்கங்களில் இது வேறு வேடம் பூணும். கூலிக்கு நெய்விக்கும் முதலாளி ஒருவர், தம்மிடம் நெய்வோரின் பெயர்களைக் கொண்டே ஒரு சங்கம் காண்பார். தறி காகிதத்தில் இருக்கும். பாவும் பட்டும் கணக்கில் வரவாகும். தள்ளுபடி மானியமும் வரும். தம் பெயரால் ஒரு சங்கம் நடப்பதை அந்த நெசவாளர் அறியவே மாட்டார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இவ்விடர் சற்றுக் கூடுதல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. தொழிலும் வேலையும் வந்தமை நன்மையே, அதனை மறுப்பாரில்லை. ஆயின் நெல் விளைந்த நிலம் மனைகளாயிற்று. பயிர்க்கடன் பெற்ற குடும்பங்கள் பல, நிலத்தை விற்றுவிட்டன. பெயர் மட்டும் பதிவேட்டில் நிற்கிறது. விளைச்சல் இல்லாதவர் மகாசபைக்கு வருவதில்லை. வராதோர் மிகுந்த சங்கத்தைக் கைப்பற்றுவது, ஆளில்லாத வீட்டில் புகுவது போன்று எளிது. அன்றியும் சாலையோரத்தில் அமைந்த சங்கக் கட்டடத்தின் மனை மதிப்பு, சங்கத்தின் ஒட்டுமொத்தப் பங்குத்தொகையை விஞ்சி நிற்கக்கூடும். உரத்தையும் விதையையும் ஒருநாளும் கேட்டறியாத ஒருவர் திடீரென நிர்வாகக் குழுவில் அமர விழைவாராயின், அவர் பார்வை எதன்மீது என்று அங்கத்தினர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வகைக் கேடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பம்பாய்ப் பகுதியின் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி சான்று. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன்மீது கட்டுப்பாடு விதித்தது. கொடுத்திருந்த கடனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒரே கட்டுமானக் குழுமத்துக்குச் சென்றிருந்ததென்றும், அதனை மறைக்க இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொய்க் கணக்குகள் எழுதப்பட்டிருந்தனவென்றும் அப்போது வெளியாயிற்று. வைப்பாளர் தம் சொந்தப் பணத்தில் முதலில் ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்க இயன்றது. மருத்துவச் செலவுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் வைத்திருந்த பணம் அது. 2022 ஜனவரியில் அவ்வங்கி ஒரு தனியார் சிறுநிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. கூட்டுறவு வங்கியாக அது இன்று இல்லை.

தனியார் செல்வத்தின் வழி இதுவாயின், அரசியலின் வழி வேறு. அது முன்வாயிலாகவே வரும், அரசாணையோடும் வரும். அதன் தோற்றத்தை அறிய 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வை நோக்க வேண்டும். கோர்வாலா தலைமையிலான குழு 1954-இல் அறிக்கை அளித்தது. விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று மட்டுமே. லேவாதேவிக்காரர்களின் பங்கோ ஏறத்தாழ எழுபது. ஐம்பது ஆண்டு உழைப்பின் பலன் இவ்வளவே என்று நாடு திகைத்தது. அரசே சங்கங்களில் பங்கு மூலதனம் இட வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை தவறென்று கூற நான் துணியேன். அம்மூலதனம் இன்றேல் நமது கிடங்குகளும் மத்திய வங்கிகளும் இந்த அளவுக்கு வளர்ந்திரா. ஆயினும் பணத்தோடு நியமன உறுப்பினரும் வந்தனர். நியமனத்தோடு குழுவைக் கலைக்கும் பழக்கமும் வந்தது.

தமிழ்நாட்டு வரலாறு இதில் மகிழத்தக்கதன்று. 1976-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் இடத்தில் தனி அலுவலர்கள் அமர்ந்தனர். 2001-இல் ஆட்சி மாறியதும் அவ்வாறே நிகழ்ந்தது. 2013-லும் 2018-லும் தேர்தல்கள் நடந்தன. அவற்றைப் பற்றியும் போட்டியே இன்றி முடிந்தன என்ற புகார்கள் எழுந்து, வழக்குகள் உயர்நீதிமன்றம் சென்றன. 2022 ஜனவரியில், குழுக்களின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டினின்றும் மூன்றாகக் குறைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2018-இல் வந்த குழுக்களின் காலம் 2023-இல் முடிந்தபின் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். எக்கட்சி ஆண்டாலும் இப்பழக்கம் மாறவில்லை என்பதை அங்கத்தினர் கவனித்தல் நன்று. ஒரு கட்சியைக் குறை கூறி மற்றொன்றைப் புகழ்வதற்கு இதில் இடமே இல்லை.

தனி அலுவலர் தீயவர் என்பது என் கூற்றன்று. அவர்களுட் பலர் நேர்மையாளர். சிலர் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு விட்டுச்சென்ற கணக்குக் குழப்பத்தைத் தம் சொந்த இரவுகளைச் செலவிட்டுச் சீர்செய்ததை நான் கண்டிருக்கிறேன். குறை ஆளிடத்தன்று, அமைப்பில் உளது. அவருக்குச் சம்பளம் அளிப்பது அரசு, மாற்றுவதும் அரசு. அங்கத்தினருக்கு அவர் கடமைப்பட்டவர் அல்லர். ஒருவரே பல சங்கங்களைப் பார்க்க நேர்கையில், தீர்மானப் புத்தகத்தில் "விவாதித்து" என்னும் சொல் பொருளிழந்து விடுகிறது. தனியொருவர் யாருடன் விவாதிப்பார்?

இதற்கு அரண் காண எண்ணியே அரசியலமைப்பின் 97-ஆம் திருத்தம் 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைக் கூறும் 19(1)(இ) பிரிவில் "கூட்டுறவுச் சங்கங்கள்" என்னும் சொற்கள் சேர்க்கப்பட்டன. குழுவுக்கு ஐந்தாண்டுக் காலம், கலைப்பு ஆறு மாதத்துக்கு மேற்படலாகாது, அரசின் பங்கோ கடனோ உதவியோ இல்லாத சங்கத்தைக் கலைக்கவே கூடாது என்ற விதிகளும் ஒரு தனிப் பகுதியாக இடம்பெற்றன. ஆனால் கூட்டுறவு மாநிலப் பொருளாதலின், மாநிலச் சட்டமன்றங்களில் பாதியேனும் ஏற்றல் வேண்டும், அவ்வொப்புதல் பெறப்படவில்லை. அதனால் 2021 ஜூலை 20-ஆம் நாள் உச்சநீதிமன்றம், பல மாநிலச் சங்கங்களைத் தவிர மற்றவற்றுக்கு அப்பகுதி செல்லாதென்று தீர்த்தது. 19-ஆம் பிரிவில் சேர்ந்த உரிமை நிலைத்திருக்கிறது; வேலியாக நட்ட விதிகள் நமது சங்கங்களைப் பொறுத்தவரை அகன்றன. இன்று நமக்கு வேலி 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம்தான். அதனைச் சட்டமன்றம் எப்பொழுது வேண்டுமானாலும் திருத்தலாம்.

அப்பிரிவின் மதிப்பை அண்மையில் நமது வட்டாரமே கண்டது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் சங்கத்தின் பதிவு முதன்மையான விவாதப் பொருள்களுள் ஒன்று. சங்கப் பெயரில் தன் பெயர் இடம்பெறுவதை நிறுவனம் ஆட்சேபித்தது. விஷயம் உயர்நீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரியில் பதிவு வழங்கப்பட்டது. கூலி எவ்வளவு நியாயம் என்பது வேறு பேச்சு. அதில் நான் நுழையவில்லை. ஒரு பதிவேட்டில் ஒரு வரி ஏறுவதற்கு இத்துணைப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதே நாம் காண வேண்டுவது. திரூர்ச் சங்கத்துக்கு 1904-இல் கிடைத்ததும் அத்தகையதொரு வரியே.

செல்வமும் அரசியலும் தனித்தனியே வருமளவும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தடுக்கலாம். இரண்டும் கைகோத்தால் நேர்வது யாது? இத்தாலியின் போ நதிப் பள்ளத்தாக்கில் 1921-22-இல் அது நிகழ்ந்தது. அங்குக் கூலி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் வலிமை பெற்றிருந்தன. பெருநிலக்கிழார்கள் பணம் தர, முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர் சங்கக் கடைகளையும் அலுவலகங்களையும் எரித்தனர். அங்கு முதலில் எரிந்தவை ஊர்ச் சங்கங்கள். நாட்டின் ஆட்சி அவர்கள் கைக்குச் சென்றது அதற்குப் பின்னர்.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். மத்தியப் பிரதேசத்துப் பன்னா மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் குழுவை இணைப் பதிவாளர் கலைத்தார். ரிசர்வ் வங்கியைக் கலந்து கொள்ள வேண்டுமென்ற சட்ட நிபந்தனை முறையாக நிறைவேறவில்லை. 2013 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அக்கலைப்பைத் தள்ளிக் குழுவை மீண்டும் அமர்த்தியது. பதிவாளர்கள் அரசியல் தலைவர்களின் கட்டளைக்கு இணங்கிக் குழுக்களைக் கலைத்தலாகாது என்றும் கண்டித்தது. எம் துறையைச் சேர்ந்தோர் அத்தீர்ப்பை மேசைமேல் வைத்திருக்கலாம். மேலிருந்து தொலைபேசி வரும்பொழுது காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும் அன்றோ!

இனி அங்கத்தினர் செய்யத்தக்கன. சட்டம், துணைவிதிகள், அங்கத்தினர் பட்டியல், ஆண்டு இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் பார்வையிட உங்களுக்கு உரிமையுண்டு. தனி அலுவலர் காலத்திலும் அவ்வுரிமை உறங்குவதில்லை. தணிக்கை அறிக்கையில் குறைகள் சுட்டப்பட்டிருப்பின் அவை நிவர்த்தியாயினவா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்பது பதிவாகாது. நிதிக்கு இழப்பு நேர்ந்திருப்பின், அதற்குக் காரணமானவரிடமே வசூலிக்கத் தண்டத்தீர்வை நடவடிக்கைக்குச் சட்டம் வழி செய்துள்ளது. அது குழுத் தலைவர்க்கும் பொருந்தும், பணியாளர்க்கும் பொருந்தும். துணைவிதியில் குறித்த எண்ணிக்கையினர் கையொப்பமிட்டுச் சிறப்பு மகாசபையைக் கூட்டக் கோரலாம். இதனைப் பயன்படுத்திய சங்கத்தை நான் அரிதாகவே கண்டேன்.

எல்லாவற்றிலும் முதலாவது பதிவேடு. வாக்காளர் பட்டியல் அதிலிருந்தே எடுக்கப்படும். ஆட்சேபம் கூறச் சில நாட்களே கிடைக்கும். ஆகவே தேர்தல் அறிவிப்பு வருமுன்னரே உங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, பங்குத்தொகை, வாரிசு நியமனம் ஆகியவை சரியா என்று பாருங்கள். காலஞ்சென்றவர் பெயர் இருப்பின் வாரிசுகள் எழுத்தில் தெரிவித்து, பங்குத்தொகையைப் பெறவோ தம் பெயருக்கு மாற்றவோ கேட்கலாம். பங்குத்தொகை ரசீது தொலைந்திருப்பின் உறுப்பினர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் அதனைக் கொண்டு தேடி எடுக்கப் பத்து நிமிஷம் போதும்.