வேட்டியோடு போச்சு

தி.நகரில் வங்கி அதிகாரியாக டிராக்டர் கடன் கோப்புகளில் நிறையக் கையெழுத்துப் போட்டவன் நான். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டைக் கிட்டத்தில் பார்த்தது, ஓய்வுக்குப் பிறகு செங்கல்பட்டுப் பக்கம் நிலம் வாங்கித்தான்.

தக்கைப்பூண்டை மடக்கி உழுதபோது கத்தியில் செடி சுற்றிக்கொண்டது. வண்டி நின்றது, தண்டு நிற்கவில்லை. நான் குனிந்தேன். "சார், வேட்டி!" என்று டிரைவர் தம்பி அலறினார். நல்லவேளை, நைந்த வேட்டி, கிழிந்து போச்சு. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. கையை இழுக்க ஏது நேரம்?

தண்டின் பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் அடிக்க இடைஞ்சல்னு எப்பவோ கழற்றிட்டாங்களாம். வாடகைக்கு வண்டி பிடிக்கிறவங்க, மணிக்கு எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி உறை இருக்கான்னு பாருங்க. உறை கூடச் சேர்ந்து சுத்தாம இருக்க அதன் சங்கிலியும் மாட்டியிருக்கணும்.

இப்போது பி.டி.ஓ.வை விடுவித்து, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவி என் கைக்கு வந்த பிறகே கிட்டப் போகிறேன். கிரீஸும் அப்போதுதான். வயலில் அரை டிராயர். மயிலாப்பூர் வீட்டில் பேரன் சிரிக்கிறான்.