வானில் நகரும் விளக்கு வரிசை: பார்த்தது உண்மை, முடிவு பிழை

2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை முதன்முறையாக ஒரே ராக்கெட்டில் ஏவியது. ஒரு நாள் முடிவதற்குள் அவை நூல் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக நெதர்லாந்து வானைக் கடந்தன. பாதையை முன்பே கணித்து லைடன் நகரில் கேமராவுடன் காத்திருந்த செயற்கைக்கோள் கண்காணிப்பாளர் மார்கோ லாங்புரூக் அந்த வரிசையைப் படம்பிடித்தார். விவரம் அறியாமல் அண்ணாந்து பார்த்தவர்களில் பலரோ பறக்கும் தட்டுகளைக் கண்டதாகப் புகார் அனுப்பினார்கள். இரு தரப்பும் கண்டது ஒரே காட்சிதான். அப்படியானால் பிழை எங்கே நுழைகிறது? கண்ட ஒளிக்கு மனம் தன் பங்குக்குச் சேர்க்கும் தூரத்திலும் உருவத்திலும்தான்.

இருட்டில் தனியாகத் தெரியும் ஒளிப்புள்ளி 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா, 500 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. தூரம் தெரியாதபோது அளவும் வேகமும் வெறும் ஊகமே. “சத்தமில்லை, விமானம்போல மினுக்கவில்லை, மேகமே இல்லாத நடுவானில் மறைந்துவிட்டது” என்பவை செயற்கைக்கோள் அல்ல என்பதற்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றன. உண்மையில் மூன்றுமே செயற்கைக்கோளின் அடையாளங்கள். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தரையில் பொழுது சாய்ந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால் மின்னுகிறது; பூமியின் நிழலுக்குள் புகுந்ததும் சில நொடிகளில் மங்கி மறைகிறது.

மனம் எவ்வளவு தூரம் இட்டுக்கட்டும் என்பதற்கு 1968 மார்ச் 3 இரவு நல்ல உதாரணம். சோவியத்தின் சோண்ட்-4 விண்கலத்தோடு தொடர்புடைய ராக்கெட் பாகங்கள் அமெரிக்க வானில் எரிந்தபடி விழுந்தன. பலர் அதை ஓரளவு சரியாகவே விவரித்தார்கள். டென்னசியில் சிலரோ, சதுர ஜன்னல்களில் விளக்கெரியும் சுருட்டு வடிவ ஊர்தியைக் கண்டதாக எழுதினார்கள். பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்துவந்த கொலராடோ பல்கலைக்கழகத்தின் காண்டன் குழு இந்தக் கடிதங்களையும் அலசியது. எரியும் துண்டுகள் ஜன்னல்களாகின. அவற்றுக்கு இடையிலான இருட்டு ஊர்தியின் உடலாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை.

“சாமானியர் ஏமாறலாம், விமானிகளுமா?” என்று கேட்கலாம். 2022 ஆகஸ்டில் பசிபிக் கடலுக்கு மேல் பறந்த பயணிகள் விமானங்களின் விமானிகளே அடையாளம் தெரியாத ஒளிகளைப் பார்த்துப் புகார் செய்தார்கள். பின்னர் நடந்த ஆய்வு, அவை வெயிலைப் பிரதிபலித்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்று காட்டியது. விமானம் ஓட்டும் அனுபவம், தூரம் தெரியாத புள்ளிக்குத் தூரத்தைத் தந்துவிடாது.

விளக்கம் கிடைக்காத நிகழ்வுகள் மிஞ்சுகின்றனவே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உண்மைதான். இத்தகைய புகார்களை ஆராயும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆரோ அலுவலகம் 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை 757 புகார்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றில் 444, போதிய தரவு இல்லாததால் ஒதுக்கிவைக்கப்பட்டவை. மேலும் ஆராய வேண்டியவை என்று சொல்லப்பட்டவை 21 மட்டுமே. தரவு இல்லாத புகார் வேற்றுக்கிரகவாசிகளுக்கும் சாட்சியாகாது, செயற்கைக்கோளுக்கும் சாட்சியாகாது. எல்லாவற்றையும் செயற்கைக்கோள் என்று தள்ளுவதும் அவசரமே. சட்டென்று திரும்பி வந்த வழியே போகும் ஒளி எதுவாக இருந்தாலும் செயற்கைக்கோள் அல்ல. ஆகவே அடுத்த முறை விசித்திர ஒளி தென்பட்டால், அது என்னவென்று முடிவுகட்டும் முன் நேரம், திசை, எந்த நட்சத்திரங்களின் அருகே கடந்தது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள்களின் பாதைகள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்ட பிறகும் பொருந்தாத ஒளிதான் ஆராயத் தகுந்த புதிர்.