கணினிக்குள் ஒரு வட்டவிதானையார்

நம் வயல் வட்டைகளில் வாய்க்கால் நீரை முறைப்படி பங்கிட்டுக் கொடுப்பவர் வட்டவிதானையார். கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது கேர்னல். திறந்திருக்கும் மென்பொருள்களுக்கு நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பங்கிடுவதும், விசைப்பலகை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றை இயக்குவதும் அதன் பொறுப்பு.

1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21ஆவது வயதில் வெளியிட்டதே லினக்ஸ் கேர்னல். வாப்பாவின் அண்ட்ரொய்ட் தொலைபேசிக்குள்ளும் அதுதான் இயங்குகிறது. அதன் மூலக் குறிமுறையை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இப்படித் திறந்து வைப்பதால் என்ன பயன்? 2004 டிசம்பர் 26இல் நம் கரையைச் சுனாமி தாக்கியபின், காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிவு செய்யவும் இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். 2005இல் பாகிஸ்தானில் பூகம்பம் ஏற்பட்டபோது அங்குள்ளவர்களும் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

கேர்னலை நாமே தொகுப்பதும் இந்த உரிமையால்தான். லினக்ஸ் நிறுவிய கணினியும் சுமார் 25 ஜிபி வெற்றிடமும் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டிய கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன்.

முதலில் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் பிரதியெடுங்கள். தொகுப்பானான ஜிசிசியையும் துணைக் கருவிகளையும் நிறுவுங்கள். கேர்னல் டொட் ஓஆர்ஜி தளத்தில் ‘லோங்டேர்ம்’ எனக் குறித்த பதிப்பைத் தரவிறக்கி விரியுங்கள்.

அடுத்தது தெரிவு. அச்சுப்பொறி, வெப்கேம் போன்ற எல்லாவற்றையும் பொருத்திவிட்டு ‘மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்’ கட்டளையைக் கொடுங்கள். அவ்வேளை இயங்கும் சாதனங்களுக்கான பகுதிகளை மட்டும் அது வைத்துக்கொள்ளும். பொருத்த மறந்த சாதனம் புதிய கேர்னலில் இயங்காமற் போகலாம். ‘மேக் மெனுகொன்ஃபிக்’ மூலம் தெரிவுகளைப் பார்த்து மாற்றலாம்.

பிறகு ‘மேக்’. குறிமுறை இயந்திர மொழியாக மாறுவது இங்கேதான். பழைய கணினியில் இதற்குப் பல மணித்தியாலங்கள் பிடிக்கலாம். இஷாவுக்குப் பின் தொடங்கினால் ஸுபஹுக்கு எழும்பிப் பார்க்கலாம். முடிந்ததும் நிர்வாகி உரிமையோடு ‘மேக் மொடியூல்ஸ் இன்ஸ்டோல்’, பின்னர் ‘மேக் இன்ஸ்டோல்’ கொடுத்து, கணினியை மீளத் தொடக்குங்கள். ‘செக்கியூர் பூட்’ இயங்கினால் நாம் தொகுத்த கேர்னலை அது தடுக்கும். அதை முதலே நிறுத்திவிடுங்கள்.

“கணினி கெட்டுப்போகுமே” என்று பெற்றோர் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் பழைய கேர்னல் அழிவதில்லை. புதியது இயங்காவிட்டால் தொடக்கப் பட்டியலில் பழையதைத் தெரிவு செய்தால் போதும், கணினி முன்புபோல் எழும்பும். வீட்டு மூலையில் பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தால் அதை மகளிடம் கொடுங்கள். ஒருமுறை தொகுத்துப் பார்த்தவளுக்குக் கணினி மூடிய பெட்டியாகத் தெரியாது. இன்ஷா அல்லாஹ், நாளை நம் ஊருக்குத் தேவையான ஒரு மென்பொருளை எழுத அவள் தயங்கவும் மாட்டாள்.