புதிய ரேடியேட்டரில் மறைந்திருக்கும் உப்பு

இயங்கும் கணிப்பொறி தான் பெறும் மின்சக்தியில் ஏறக்குறைய முழுவதையும் வெப்பமாகவே வெளிவிடுகின்றது. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படும் பொறிகளில் இவ்வெப்பத்தை அகற்ற ஒரு சிறு விசிறி போதும். நிலப்படம் தொகுத்தல், செயற்கைக்கோள் படங்களை ஆராய்தல் போன்ற பணிகளில் மணிக்கணக்காக உழைக்கும் பொறிகளிலோ, செயலியும் வரைகலை அட்டையும் சேர்ந்து 300 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை வெளியிடுவதுண்டு. சம கனஅளவில் நீர் ஏற்கும் வெப்பம் காற்று ஏற்பதைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்காதலால், இத்தகைய பொறிகளுக்கு நீர்க் குளிர்ப்பு விரும்பப்படுகின்றது. புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 2019-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'பரம் பிரம்மா' என்னும் மீத்திறன் கணிப்பொறியிலும் திரவக் குளிர்ப்பு முறையே கையாளப்பட்டது. பெரிய நிலையங்களில் நீரின் தூய்மையைக் கண்காணிக்க வடிகட்டிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் உண்டு. கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ கள நிலையத்திலோ ஒரு பொறியைத் தாமே அமைத்துக்கொள்வோர்க்கு அவ்வசதி இல்லை. ஆகவே அவர்கள் முதல் நாளிலேயே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

நீர்ச் சுற்றின் அமைப்பு எளியது. செயலியின்மேல் 'வாட்டர் பிளாக்' எனப்படும் செப்புக் கட்டை ஒன்று அமர்கின்றது. அதன் உட்புறத்தில் தலைமயிர் பருமனுக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள நுண்ணிய கால்வாய்கள் பல வெட்டப்பட்டுள்ளன. பம்பு செலுத்தும் நீர் அக்கால்வாய்களில் வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களினூடே சென்று, விசிறிக் காற்றுக்கு அதனைக் கொடுத்துவிட்டு மீளுகின்றது. நிமிஷத்திற்கு 4 லிட்டர் நீர் ஓடுமாயின் 300 வாட்டு வெப்பம் அதன் உஷ்ணநிலையை ஏறக்குறைய 1 டிகிரி மட்டுமே உயர்த்தும். கால்வாய்கள் அடைபட்டு ஓட்டம் அரை லிட்டராகக் குறைந்தால் அவ்வுயர்வு எட்டரை டிகிரியைத் தாண்டும். செப்பிலிருந்து நீருக்கு வெப்பம் மாறுவதும் தடைப்படும்.

அடைப்பை உண்டாக்கும் பொருள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதன்று. கடையில் வாங்கிய புதிய ரேடியேட்டரினுள்ளேயே அது இருக்கின்றது. இவ்வகை ரேடியேட்டர்களில் பித்தளைத் தொட்டிகளும், செம்பு அல்லது பித்தளைக் குழாய்களும், செப்புத் தகட்டு மடிப்புகளும் பற்றாசினால் இணைக்கப்படுகின்றன. உலோகத்தின் மேல் ஆக்ஸைடுப் படலம் இருக்கும் வரையில் பற்றாசு ஒட்டாது. அப்படலத்தைக் கரைப்பதற்காகப் பட்டறைகளில் 'பிளக்ஸ்' என்று வழங்கும் துணைப்பொருளைப் பூசுகின்றனர். துத்தநாகக் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் கலந்த பிளக்ஸ் இவ்வேலைக்கு மிகவும் வழக்கமானது. அம்மோனியம் குளோரைடு நமக்குப் புதியதன்று. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் சூடேறிய பாத்திரத்தில் தூவித் தேய்க்கும் நவாச்சாரமே அது.

ஈயம் பூசுபவர் பாத்திரத்தை உடனே நீரிலிட்டுத் துடைத்துவிடுகின்றார். ரேடியேட்டரின் உட்புறத்திற்கோ எந்தத் துணியும் எட்டாது. குழாய்கள் தொட்டியைச் சந்திக்கும் மூலைகளில் பிளக்ஸின் எச்சம் தங்கிவிடுகின்றது. தொழிற்சாலையில் ஒருமுறை கழுவியிருந்தாலும் அது முற்றிலும் நீங்கிவிட்டதென்று கொள்வதற்கில்லை. பற்றாசுத் துளிகள், உலோகத் தூள், எந்திர எண்ணெய், வர்ணச் செதில் ஆகியனவும் உடன் இருக்கலாம். இவற்றுள் கண்ணுக்குத் தெரிகின்ற தூள்களைவிடக் கரையக்கூடிய உப்பே அதிகக் கேடு விளைவிப்பது. துத்தநாகக் குளோரைடு நீரில் கரைந்ததும் அமிலத்தன்மை தோன்றுகின்றது. குளோரைடு செம்பையும் பித்தளையையும் அரிப்பதற்குத் துணைபோகின்றது. குளிர்நீரில் சேர்க்கப்பட்ட அரிப்புத் தடுப்பான் இவற்றோடு போராடியே செலவழிந்துவிடும். சாயமிட்ட திரவங்களில் சாயம் திரிந்து சேறுபோல் படிவதும் உண்டு. அச்சேறு சென்று தங்குமிடம் செப்புக் கட்டையின் நுண்கால்வாய்களே.

இக்கேடு உடனே வெளிப்படுவதில்லை. இக்காலத்துச் செயலிகள் வெப்பம் மிகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆகையால் சில வாரங்களுக்குப் பின் பொறி நின்றுவிடாது, மெதுவாகும். ஓர் இரவில் முடியவேண்டிய கணக்கீடு மறுநாள் மாலை வரை நீளும். பணியாளர் நிரலையும் நினைவகத்தையும் சந்தேகிப்பாரேயன்றி நீரைச் சந்தேகிப்பது அரிது.

கழுவும் முறையில் கடினமானது ஏதுமில்லை. ரேடியேட்டரை வேறெந்த உறுப்போடும் இணைக்காமல் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் அழுக்கு நீர் பம்பினூடே சென்றாலும் தீங்கு. செப்புக் கட்டையினூடே சென்றால் பெருந்தீங்கு. ஏறக்குறைய 55 டிகிரி சூடுள்ள நீரைப் பாதியளவு ஊற்றி, திருகடைப்பான்களால் மூடி, இரண்டு மூன்று நிமிஷம் எல்லாத் திசைகளிலும் நன்கு குலுக்க வேண்டும். சூட்டினால் உள்ளே அழுத்தம் ஏறுமாதலால் இடையிடையே ஓர் அடைப்பானைத் தளர்த்துவது நல்லது. வெளிவரும் நீரை வெண்துணியில் வடித்துப் பார்த்தால் கரும்புள்ளிகளும் பளபளக்கும் பற்றாசு மணிகளும் தென்படலாம். சில வேளைகளில் நீரே பச்சை கலந்த நீலமாக வரும். துணி கறைபடாதிருக்கும் வரையில் இதனைத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். முதற் கழுவல்களுக்குக் குழாய்நீர் போதும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீராயின் சுண்ண உப்புப் படியுமாதலால், தூய மழைநீர் மேலானது. கடைசி இரண்டு மூன்று கழுவல்கள் காய்ச்சி வடித்த நீரில்தான் செய்யப்பட வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண் சிக்கனம்.

வினிகர் ஊற்றிக் கழுவும் வழக்கம் பரவலாக உள்ளது. அசிடிக் அமிலம் செம்பின் ஆக்ஸைடைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆயினும் காற்றின் முன்னிலையில் அது பித்தளையையும், ஈயம் கலந்த பற்றாசையும் தாக்கக்கூடியது. ஈய அசிடேட்டோ நச்சுப்பொருள். வெந்நீரிலேயே கரையும் உப்பை அகற்ற அமிலத்தை நாடுவது தேவையற்ற துணிவு. சமையல் சோடாவினால் அமிலத்தைப் போக்க முயல்வோரும் உளர். முதலில் நீரால் கழுவாமல் சோடாக் கரைசலை ஊற்றினால், துத்தநாகம் கரையாத கார்பனேட்டாக மாறி வெண்சேறாய்க் குழாய்களிலேயே தங்கிவிடும்.

கழுவியது போதுமா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. தெளிந்த நீரிலும் குளோரைடு இருக்கக்கூடும். பள்ளி ஆய்வுக்கூடங்களிலுள்ள வெள்ளி நைட்ரேட் இங்கே கைகொடுக்கின்றது. வடிநீரில் கழுவி முடித்தபின், ரேடியேட்டரைப் புதிய வடிநீரால் நிரப்பி ஓர் இரவு வைக்க வேண்டும். மூலைகளில் ஒட்டியுள்ள உப்பு மெதுவாகவே வெளிவரும் என்பதே இதன் காரணம். காலையில் அந்நீரில் 5 மில்லிலிட்டரை ஒரு சோதனைக் குழாயிலும், பயன்படுத்தாத வடிநீரில் அதேயளவை மற்றொன்றிலும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு துளியும் வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு துளியும் சேர்த்துக் கருந்தாளின்முன் பிடித்து நோக்க வேண்டும். முதற்குழாயில் மட்டும் பால்போன்ற கலங்கல் தோன்றினால் அது வெள்ளிக் குளோரைடு. மீண்டும் கழுவுதல் அவசியம். இரண்டும் கலங்கினால் குறை வடிநீரினுடையது. கடைகளில் விற்கும் பாட்டரித் தண்ணீரையும் இவ்வாறு சோதித்த பின்னரே நம்பலாம். குளோரைடு இல்லாத, கரிம அமில வகைப் பிளக்ஸை இச்சோதனை காட்டாது. ஆகவே இரு நீரையும் பி.எச். தாளிலும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். வெள்ளி நைட்ரேட் தோலைக் கருக்குமாதலால் கையுறை வேண்டும். உப்புப் பகுப்பாய்வில் மாணவர் மனப்பாடமாகச் செய்யும் சோதனைக்கு இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது.

அலுமினிய ரேடியேட்டர்களுக்கு மேற்கூறிய சோதனை பொருந்தாது. அவற்றில் பெரும்பாலும் நீரில் மிகக் குறைவாகவே கரையும் புளோரைடு வகைப் பிளக்ஸ் பயன்படுத்தப்படுகின்றது. தவிரவும், செப்புக் கட்டையுடன் அலுமினியத்தை ஒரே நீர்ச்சுற்றில் சேர்த்தால் மின்வேதி அரிப்பினால் அலுமினியம் விரைவில் கெடும். எவ்வளவு கழுவினாலும் அதனைத் தவிர்க்க முடியாது.

கழுவிய நீரில் துத்தநாகமும் செம்பும், சிலபோது ஈயமும் கரைந்திருக்கும். செம்பும் துத்தநாகமும் மிகக் குறைந்த அளவிலேயே மீன்களுக்கு நஞ்சாகும். ஆகவே அந்நீரைக் குளத்திலோ கிணற்றருகிலோ கொட்டாமல், ஆய்வுக்கூடத்தின் உலோகக் கழிவுகளுக்கான கலத்தில் சேர்க்க வேண்டும். சோதனைக் குழாய்களில் எஞ்சும் வெள்ளிக் கழிவைத் தனிப் புட்டியில் சேமித்து வைத்தால், வெள்ளியை மீட்டுக்கொள்ளலாம்.