கருவிகளின் நடுவே நம் பெண்மக்கள்

நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து செவிலியர் கல்விக்குச் செல்லும் பெண்மக்கள் பலர். ஆண்மக்களும் சிலர் உளர். அவர்கள் சீருடை அணிந்து புறப்படுவதை நாம் பெருமிதத்துடன் காண்கிறோம். ஆனால் மருத்துவமனைக்குள் அவர்கள் கற்பது யாது என்று கேட்டறிவோர் மிகக் குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல்நாள் பணியாற்றி வந்த பெண் உணவு வேண்டாமென்று படுத்துவிட்டால், "இந்தப் படிப்பே உனக்கு வேண்டாம், அம்மா" என்று கூறிவிடும் தாய்மார்களும் நம்மிடையே உண்டு. அவர்களை முன்னிட்டே இதனை எழுதுகிறோம்.

இப்பிரிவு மாணவர் கைகளில் பிறந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவிற்று. தொடக்கத்தில் சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மூன்றே நாட்களில் மாண்டனர். ப்யோர்ன் இப்ஸன் என்னும் மயக்கமருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். அமுக்குவதற்குக் கைகள் வேண்டுமே! மருத்துவ மாணவர் சுமார் 1,500 பேர் முறைவைத்து, இரவு பகலாக அப்பைகளை அமுக்கி உயிர்களைக் காத்தனர். அடுத்த ஆண்டே அந்நகரில் தீவிர சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு எழுந்தது. இன்று அவ்வேலையை வென்டிலேட்டர் செய்கிறது. எனினும் கருவி பழுதுபட்டால் உதவுவதற்காகக் கைப்பை ஒன்று கட்டிலருகே ஆயத்தமாக இருக்கும். அதனைப் பிடிக்கப் பழகுவது மாணவிக்கு இன்றும் இன்றியமையாத பாடம்.

அங்கு முதலில் அச்சுறுத்துவது ஒலி. ஒவ்வொரு கட்டிலிலும் மானிட்டர் கூவுகிறது. புதிதாக வந்த மாணவி திரையிலுள்ள எண்ணை நோக்கி ஓடுகிறாள். அனுபவமுள்ள ஸிஸ்டரோ நோயாளியை நோக்கிச் செல்கிறார். விரலில் மாட்டிய பிராணவாயுக் கவ்வி நழுவியிருந்தாலும், கை குளிர்ந்திருந்தாலும் எண் வீழ்ந்து காட்டும். உதட்டின் நிறமும் மார்பின் ஏற்ற இறக்கமுமே மெய்யைக் கூறும். ஆகவே எண்ணைப் புறக்கணிப்பதன்று, எண்ணையும் ஆளையும் ஒருங்கே நோக்குவதே பயிற்சி. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கட்டிலருகே நின்று நின்றே வர வேண்டும். படுத்த படுக்கையானவரைச் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுதல், கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்தல், வாயைத் தூய்மை செய்தல், குழாயில் தேங்கும் சளியைச் சில விநாடிகளுக்குள் உறிஞ்சி எடுத்தல் ஆகியன எளிய வேலைகள்போல் தோன்றும். ஆனால் படுக்கைப்புண்ணும் நுரையீரற் காய்ச்சலும் வாராமற் காப்பவை இவையே.

தாய்மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. நோயாளியின் உணர்வுநிலையை அளக்கக் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் 1974-இல் ஓர் அளவுகோலை வகுத்தனர். கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து உயர்ந்த எண் 15, தாழ்ந்தது 3. அதில் அசைவுக்குரிய முழு எண், சொன்னபடி செய்வோர்க்கே உரியது. தில்லி மருத்துவமனையில், "ஹாத் தபாயியே" என்று கேட்டால், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த நம் பாட்டி கையை எங்ஙனம் அழுத்துவார்? அவர் தமிழில் முணுமுணுப்பதைப் பொருளற்ற பிதற்றல் என்று எண்ணிவிடவும் இடமுண்டு. அருகில் ஒரு தமிழ் மாணவி நின்று, "பாட்டி, என் கையை அழுத்துங்க" என்றால் கணக்கே வேறாகிவிடலாம். மொழிப்பற்றுக் காரணமாக இதனைக் கூறவில்லை. நோயாளி எம்மொழி அறிவார் என்பதும் காது கேட்குமா என்பதும் சேர்க்கும்போதே உறவினர் தெரிவிக்க வேண்டிய மருத்துவச் செய்திகள். மூக்குக் கண்ணாடியையும் செவிக்கருவியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது நம்மவர் பலருக்கு வழக்கமாயிருக்கிறது!

குறையொன்றையும் கூறாமல் விடுவதற்கில்லை. வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே விரும்பத்தக்க முறை. ஆட்பற்றாக்குறையுள்ள இடங்களில் கற்க வந்த மாணவியை வேலையாளாகக் கணக்கிட்டு, துணையின்றி நிறுத்திவிடுகின்றனர். இது மாணவிக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு. உண்ணாமற் படுக்கும் பெண்ணிடம், "இன்று உன்னுடன் நின்று கற்பித்தவர் யார்?" என்று பெற்றோர் கேட்கட்டும். படிப்பை நிறுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. முதன்முதல் ஒரு மரணத்தைக் கண்டு வந்தவளாயின், கேள்வியும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். அவள் சொல்லும்வரை உடனிருந்தாற் போதும்.

நாம் கண்டு பேசிய மாணவி ஒருத்தி, தன் பஞ்சாபித் தோழியருக்காகச் சிறு அட்டையொன்று எழுதியிருக்கிறாள். வலிக்குதா, மூச்சு முட்டுதா, கையை அழுத்துங்க, பயப்படாதீங்க என்னும் நான்கு தமிழ்த்தொடர்களும் அதில் இந்தி எழுத்தில் உள்ளன. ஐந்தாவதாக எதைச் சேர்க்கலாமென்று நம்மைக் கேட்டாள். "வெளியே உங்க பிள்ளை இருக்கார்" என்று எழுதச் சொன்னோம்.