பழைய கேரவனுக்கு மறுவாழ்வு: ஆடும் ஸ்டீயரிங்கும் குலுங்கும் பயணமும் சீராவது எப்படி? சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்: பழைய கேரவன் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க முற்படுவோர் பெரும்பாலும் துருவை நீக்கி, வண்ணம் பூசி, உள்ளே கட்டிலும் அடுப்பும் அமைப்பதில் பணத்தையும் பொறுமையையும் செலவிட்டுவிடுகின்றனர். வண்டி சாலையில் ஏறிய பிறகே உண்மையான சிக்கல் தெரிகிறது. நேராகச் செல்ல மறுத்து இருபுறமும் அலைகிறது. பள்ளத்தில் இறங்கினால் பாத்திரங்கள் உருள்கின்றன. எதிரே லாரி கடந்தால் காற்றின் வீச்சிலேயே தடம் மாறுகிறது. இவற்றில் பெரும்பாலானவை பழமையினால் வரும் தவிர்க்க முடியாத குறைகள் அல்ல. தேய்மானத்தாலும் தவறான எடைப் பகிர்வினாலும் வருபவை, சரிசெய்யக் கூடியவை.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் கோலார் தங்கவயல் இயந்திரங்களோடு கொண்ட உறவை விட்டுவிடவில்லை. புல்டோசர் முதலிய மண்வாரி இயந்திரங்களைத் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். இங்குதான் ஆலை நடத்துகிறது. கனரக வாகனங்களின் ஸ்பிரிங் பட்டையும் கிங் பின்னும் இவ்வூருக்குப் புதியவை அல்ல. பழைய கேரவனின் அடிப்பாகமும் ஏறத்தாழ அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

‘கேரவன்’ என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது திரைப்பட நடிகர்களின் ஒப்பனை வண்டியே. ஆனால் தென்னிந்திய வரலாற்றில் மிகவும் பெயர் பெற்ற நடமாடும் வீடு அரசியலுக்குரியது. 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமராவ், பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு அன்றைய ஆந்திரம் முழுவதும் சுற்றினார். அதை ஓட்டியவர் அவருடைய மகன் ஹரிகிருஷ்ணா. அதன் கூரையே மேடை. உறக்கமும் ஓய்வும் அதற்குள்ளேயே. 1983 ஜனவரியில் அவர் முதலமைச்சரானார்.

வெளிநாடுகளில் இத்துறையின் அடையாளமாக விளங்குவது ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் அறிமுகம் செய்த வேன். அதன் வழிவந்த வண்டிகள் பிரேசிலில் 2013 வரை உற்பத்தியில் இருந்தன. அமெரிக்காவின் ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் 1973 முதல் 1978 வரை தயாரிக்கப்பட்டது. முன்சக்கர இயக்கமும் பின்புறத்தில் காற்றுப்பை ஸ்பிரிங்கும் கொண்ட அவ்வண்டிகளை ஆர்வலர்கள் இன்றும் பழுதுபார்த்து ஓட்டி வருகின்றனர்.

சீரமைப்பின் முதல் படி பட்டறையில் அன்று, எடைமேடையில் தொடங்குகிறது. முன் அச்சு மட்டும் மேடையில் நிற்க ஒரு முறையும், பின் அச்சு மட்டும் நிற்க ஒரு முறையும் எடை பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடையுள்ளது; 100 லிட்டர் தொட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால் பொருத்தினால், அந்த 100 கிலோ பின் அச்சை அழுத்துவதுடன் நில்லாமல், ஏற்றப்பலகையைப் போல முன் அச்சை மேலே தூக்கவும் செய்யும். முன்சக்கரங்களின் பிடிமானம் குறைந்து ஸ்டீயரிங் இலகுவாகிவிடும். இலகுவாக இருப்பது நல்லதுதானே என்று ஓட்டுநர் எண்ணக்கூடும். மழைச் சாலையின் வளைவில் அந்த எண்ணம் ஆபத்தில் முடியும். தொட்டியையும் பேட்டரியையும் இரு அச்சுகளுக்கும் இடையே, தாழ்வாக அமைப்பதே செலவற்ற முதல் தீர்வு.

அடுத்தது டயர். கேரவன் ஓடும் நாள்களைவிட நிற்கும் நாள்களே அதிகம். எனவே பட்டன் தேயாமலேயே ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விடுகிறது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்; ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அந்த டயர் 2000-க்கு முற்பட்டது. அதன்மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

பிறகே ஸ்டீயரிங். எஞ்சின் நின்ற நிலையில் ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் வண்டிக்கு அடியில் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்தும் மறுபக்கம் நகராத இணைப்பு எதுவோ அங்கேதான் ஆட்டம் இருக்கிறது. டை ராட் முனைகள், கிங் பின்னும் அதன் புஷ்களும், சக்கர பேரிங், ஸ்டீயரிங் பெட்டி என்னும் வரிசையில் பார்ப்பது நலம். பலரும் முதலில் கைவைப்பது ஸ்டீயரிங் பெட்டியின் திருகில்தான். மற்ற இணைப்புகள் தேய்ந்திருக்க, அதை மட்டும் இறுக்கினால் உள்ளிருக்கும் பற்கள் விரைவில் தேயும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானே திரும்பி வராமல் நின்றுவிடும். கிங் பின்னுக்கு உரிய காலத்தில் கிரீஸ் அடிக்காததே பெரும்பாலான பழைய வண்டிகளின் நோய். ஃபோக்ஸ்வாகன் வேனிலும் 1967 வரை கிங் பின் அமைப்பே இருந்தது. அதன் பின்னரே பந்து இணைப்புக்கு மாறியது.

இங்கு அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது. மோட்டார் வண்டியிலும் முன்சக்கரம் திரும்பும் அச்சு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்குக் ‘காஸ்டர்’ கோணம் என்று பெயர். பின்புறம் தொய்ந்துவிட்டது என்று கூறிப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்ப்பது நம் பட்டறைகளின் வழக்கமான வைத்தியம். அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் நீளமுள்ள வண்டியின் பின்புறம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், காஸ்டர் கோணம் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறைந்துவிடும். சில டிகிரிகளே மொத்த அளவாக உள்ள வண்டியில் இது பெரிய இழப்பு. பின்புறம் நிமிர்ந்தது, ஆனால் வண்டி முன்னைவிட அலைகிறது என்று உரிமையாளர் குழம்புவதன் காரணம் இதுவே. கூடுதல் பட்டைகள் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதால் குலுக்கலும் அதிகமாகும். பழைய பட்டைகளைக் கழற்றி, துரு நீக்கி, உரிய வளைவை மீட்டு, புஷ்களை மாற்றி, வண்டி எடைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர் பொருத்துவதே முறையான வழி. வீல் அலைன்மென்ட்டை இவற்றுக்கெல்லாம் பிறகே, தண்ணீரும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏற்றிய நிலையில் செய்ய வேண்டும். காலி வண்டியில் எடுத்த அளவு ஏற்றிய வண்டிக்குப் பொருந்தாது.

சட்டம் குறுக்கிடும் இடமும் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த கிங் பின்னுக்குப் பதில் அதே அளவில் புதியதைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. சேஸிஸை நீட்டுவதும், சரக்கு வேனைப் படுக்கை வண்டியாக்குவதும் வேறு வகை. மோட்டார் கேரவன்களுக்கான வகை ஒப்புதலுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்னும் தனித் தொழில்தரமே உள்ளது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ எனப் பதிவு செய்யும் விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி, எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள். ஆனால் சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதுமின்றி வண்டி மூல வடிவில் இருந்தாக வேண்டும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் இடமில்லை. பவர் ஸ்டீயரிங்கும் புதிய எஞ்சினும் பொருத்திச் சுகமாக ஓட்ட விரும்புபவருக்கு இந்தத் தகுதி கைகூடுவது அரிது. தகுதியைப் பெற்றவர் அதில் குடும்பத்தோடு ஊர் சுற்ற இயலாது. இரண்டில் எது வேண்டும் என்பதை முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது உரிமையாளருக்கு நல்லது.

சீரமைப்பு முடிந்ததும் நெடுந்தொலைவுப் பயணத்துக்கு விரைய வேண்டாம். தங்கவயலிலிருந்து வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைப்பாதை போன்ற சரிவுகளில், பல ஆண்டுகள் நின்ற வண்டியின் பிரேக் ஆயிலே முதலில் சோதிக்கப்படும். ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை இறங்கிவிடும். ஆகவே பிரேக் ஆயிலையும் ரப்பர் குழாய்களையும் மாற்றிய பின், சமதளச் சாலையில் முழு எடையோடு 50 கிலோமீட்டர் ஓட்டி, சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங்கின் யு-போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்த பிறகே மலைப்பாதையில் இறங்க வேண்டும்.