கொக்கிப்புழுவின் பிரயாணம்

மனித சரீரத்தில் குடியேறி வாழும் உருண்டைப் புழுக்களுள், நீளத்தில் அரை அங்குலத்துக்கு மேற்படாததாயினும், கோடிக்கணக்கான ஏழை ஜனங்களின் ரத்தத்தைக் குடித்து அவர்களைச் சோகையில் ஆழ்த்துவதில் கொக்கிப்புழுவுக்கு நிகரானது வேறில்லை. 1838ஆம் ஆண்டில் மிலான் நகரத்து வைத்தியர் ஆஞ்சலோ துபினி ஒரு பெண்ணின் பிரேதத்தைப் பரிசோதிக்கையில் இதைக் கண்டார். ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் கோத்தார்டு ரயில் சுரங்கத்தைக் குடைந்த தொழிலாளர்கள் 1880ஆம் ஆண்டளவில் கூட்டங்கூட்டமாக வெளுத்து நலிந்தபோதுதான் இதன் கொடுமை ஐரோப்பாவுக்குப் புலப்பட்டது.

ஆனால் இது உடம்புக்குள் புகும் மார்க்கம் எது? வாய்தான் என்றே பண்டிதர்கள் எண்ணியிருந்தார்கள். கெய்ரோவில் ஆராய்ச்சி செய்துவந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், இளம்புழுக்கள் நெளியும் நீரைப் பிராணிகளுக்குப் புகட்டிக்கொண்டிருக்கையில், ஒரு துளி அவர் கையில் சிந்தி, அவ்விடம் சிவந்து எரிந்தது. பின்னர், தம் மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்ட அவர், புழு தோலைத் துளைத்தே நுழைந்திருக்க வேண்டுமென்று 1898இல் அறிவித்தார். நம்பியவர் சிலரே. அறுத்து நீக்கப்படவிருந்த ஒரு நோயாளியின் காலில் அந்நீரை இட்டு, அறுத்த பின் அத்தோலைச் சோதித்து, உள்ளே புகுந்த புழுக்களை அவர் காட்டவேண்டியதாயிற்று.

அதன்பின் தெளிவான பிரயாணம் விசித்திரமானது. ஈரமண்ணில் காத்திருக்கும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து, ரத்தத்தோடு இருதயத்தை அடைந்து, சுவாசப்பையில் இறங்கி, மூச்சுக்குழலில் ஏறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, இறுதியில் சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. ஒரு புழுவால் நாளொன்றுக்கு நஷ்டமாவது சில துளி ரத்தமே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தாலோ, ஆள் நடைபிணமாகிவிடுவான். அமெரிக்காவின் தென்பகுதியில் இப்படி நலிந்த ஏழைகளைச் சோம்பேறிகள் என்று வெகுகாலம் ஏசினார்கள். ரத்தமில்லாதவனிடம் சுறுசுறுப்பை எதிர்பார்த்த அந்த நியாயத்தை என்னென்பது!

முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டாலும், இப்புழு உடம்புக்குள் பெருகுவதில்லை. முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணை அடைந்தாலன்றிப் பொரிக்கா. ஆகவே அல்பெண்டசோல் மாத்திரை குடலிலுள்ள புழுக்களை அகற்றுமேயன்றி, மண்ணிலுள்ளவற்றை ஒன்றும் செய்யாது. பள்ளியில் மாத்திரை வழங்கும் நாளில் குழந்தையைத் தவறாமல் அனுப்பும் பெற்றோர், வீட்டுக்கு ஒரு கழிப்பறையையும் குழந்தையின் காலுக்கு ஒரு ஜோடிச் செருப்பையும் அம்மாத்திரைக்குச் சமமான மருந்தாகவே கருதவேண்டும்.